யார் தந்த அனுமதி? – நஜீப் மஹ்பூஸின் காஹிரா முந்நாவல்

1883 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கொழும்புத் துறைமுகத்தை ஒரு கப்பல் வந்தடைந்தது. மிஸ்று நாட்டை அந்நியப் பிடியிலிருந்து மீட்கப் போராடித் தோற்ற அஹ்மது உராபி பாஷாவும் அவர்தம் தோழர்களும் அக்கப்பலில் இருந்தனர். முந்திய ஆண்டு ஜூலை 11 இல் ஆங்கிலக் கடற்படை இஸ்கந்தரிய்யா நகரைக் குண்டுமாரி பொழிந்து தகர்த்தது. செப்டம்பர் 13 இல் தல்லுல் கபீர் போர்க்களத்தில் உராபியின் படை வீழ்ந்தது. வீழ்ந்தவரை இலங்கைக்கு நாடு கடத்தினர் வென்றவர். தோல்வியுற்று வந்த அப்பெருமகனை இலங்கை முஸ்லிம்கள் வீரராகவே வரவேற்றனர். அவர் 1901 வரை அத்தீவில் வாழ்ந்தார். அறிஞர் சித்தி லெப்பை அவர்களோடும் வாப்பிச்சி மரைக்காயரோடும் இணைந்து, இன்று ஸாஹிராக் கல்லூரியாக விளங்கும் கல்விக்கூடம் 1892 இல் கொழும்பில் தோன்றத் துணை நின்றார். அதே சித்தி லெப்பை 1885 இல் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ என்னும் தமிழ் நவீனத்தின் கதை மிஸ்றில் தொடங்குவதை நம் வாசகர் பலர் அறிவர்.

ஆகவே, மிஸ்று அடிமைப்பட்ட கதையின் தொடக்கம் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குப் புதியதன்று; அது நம் திண்ணை வரை வந்த கதை. ஆனால் உராபி கப்பலேறிய பின்னர் அந்நாடு என்ன ஆயிற்று? தல்லுல் கபீரில் வென்று காஹிராவுக்குள் நுழைந்த படை மிஸ்று மண்ணை விட்டு முற்றாக வெளியேறியது 1956 ஜூன் திங்களில்தான். ஏறத்தாழ 74 ஆண்டுகள்! அத்துணை நெடிய காலம் ஒரு நாடு அந்நியனின் காவலில் கிடந்தால், அந்நாட்டு வீடுகளுக்குள் என்ன நிகழும்? தகப்பன் மகனோடு பேசும் பேச்சில், தாய் பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதலில், அண்ணன் தம்பி உறவில் அந்த அடிமைத்தனம் எங்கே படிந்திருக்கும்? வரலாற்று நூல்கள் இக்கேள்விக்கு விடையளிப்பதில்லை. விடை காண நாம் ஒரு நாவலிடம் செல்ல வேண்டும்.

அந்நாவல், நஜீப் மஹ்பூஸ் எழுதிய முந்நூல் தொகுதி. ‘பைனல் கஸ்ரைன்’, ‘கஸ்ருஷ் ஷவ்க்’, ‘அஸ்ஸுக்கரிய்யா’ என்னும் அதன் மூன்று பெயர்களும் பழைய காஹிராவின் தெருப்பெயர்களே. 1911 இல் அந்நகரின் ஜமாலிய்யாப் பகுதியில் பிறந்த ஆசிரியர், 1919 ஆம் ஆண்டுப் புரட்சியை ஏழு வயதுச் சிறுவனாகக் கண்டவர். பெருநூலை அவர் எழுதி முடித்தது 1952 ஏப்ரலில். மன்னராட்சியை வீழ்த்திய ஜூலைப் புரட்சிக்கு மூன்று திங்கள் முன்னர். அது நூல்வடிவில் வெளிவந்தது 1956, 1957 ஆம் ஆண்டுகளில். 1988 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2006 இல் அவர் மறைந்தார்.

இந்நூலை ‘ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை’ என்பார் பலர். ‘மிஸ்று விடுதலைப் போரின் வரலாற்றுச் சித்திரம்’ என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும், இவ்விரண்டையும் ஒரே இழையில் கோப்பது எது என்பதைக் கூறினாலன்றி நூலின் உயிரைத் தொட்டவர் ஆகோம். அந்த இழை ‘அனுமதி’ என்னும் ஒரு சொல் என்பது என் கருத்து. வாசற்படியைத் தாண்ட யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கேட்டால் என்ன தண்டனை? கிடைத்த அனுமதியின் மதிப்பென்ன? வீட்டைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் மஹ்பூஸ் எழுப்பும் வினா இதுவே.

இரண்டு நாடு கடத்தல்கள்

ஸையித் அஹ்மது அப்துல் ஜவாது காஹிராவில் கடை வைத்திருக்கும் வணிகர். வீட்டில் அவர் சிங்கம். அவர் குரல் கேட்டால் பிள்ளைகள் நடுங்குவர். மனைவி அமீனா தலை நிமிரமாட்டாள். தொழுகை தவறாதவர்; ஆனால் இரவானால் நண்பரோடு மதுவும் இசையும் மாதருமாய்க் களிப்பவர். வீட்டுக்கு ஒரு முகம், வீதிக்கு வேறொரு முகம். மணமாகி வந்தது முதல் அமீனா கண்ட உலகம், மரச் சல்லடையிட்ட சாளரத்தின் துளைகள் வழியே தெரியும் உலகமும், மொட்டை மாடியில் நின்றால் தென்படும் மினாராக்களும்தாம். எப்போதாவது தாய்வீடு செல்வதானால் அதுவும் கணவர் உடன்வர மூடுவண்டியில்தான். கூப்பிடு தொலைவில் இருக்கும் ஸையிதினா ஹுஸைன் பள்ளிவாசலின் வாயிலை அவள் மிதித்ததில்லை. அவளது ஒரே ஆசை, அங்கே ஒருமுறை சென்று வருவது.

கணவர் வணிக நிமித்தம் போர்ட் ஸயீது சென்றிருக்கும் ஒரு நாளில், பிள்ளைகளின் தூண்டுதலால் அவள் படி தாண்டுகிறாள். இளைய மகன் கமால் வழிகாட்டிச் செல்கிறான். கண்ணீர் மல்க அங்கே நிற்கிறாள். திரும்பும் வழியில் மோட்டார் வண்டி மோதித் தோள் எலும்பு முறிகிறது. ஊர் திரும்பிய கணவரிடம் உண்மையைச் சொல்லி விடுகிறாள். அவர் உடனே சினக்கவில்லை. எலும்பு கூடும் வரை பொறுத்திருக்கிறார். அவள் எழுந்து நடக்கலானதும், தாய்வீட்டுக்குப் போய்விடுமாறு கட்டளையிடுகிறார். குற்றம்: அனுமதியின்றிப் பள்ளிவாசலுக்குச் சென்றது.

பள்ளிவாசல் செல்ல விழையும் பெண்களைத் தடுக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். ஆக, ஸையித் அவர்கள் மார்க்கத்தைக் காக்கவில்லை. தம் அதிகாரத்தையே காத்துக்கொண்டார். மார்க்கத்தின் பெயரால் வழக்கம் ஆளுகின்ற வீடுகளை நாமும் அறிவோம். அதனால்தான் இப்பகுதியைப் படிக்கையில் மிஸ்று நமக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

இனி வீட்டை விட்டு நாட்டுக்கு வருவோம். 1914 டிசம்பரில் ஆங்கிலேயர் மிஸ்றைத் தம் ‘பாதுகாப்பில்’ உள்ள நாடு என அறிவித்தனர். போர் முடிந்த இரண்டாம் நாள், 1918 நவம்பர் 13 அன்று, ஸஅத் ஸக்லூல், அலீ ஷஃராவி, அப்துல் அஸீஸ் பஹ்மீ என்னும் மூவர் ஆங்கில உயர் ஆணையர் விங்கேட்டைச் சந்தித்தனர். லண்டன் சென்று தம் நாட்டின் விடுதலைக் கோரிக்கையை எடுத்துரைக்க இசைவு வேண்டினர். புறப்பட்டுப் போக அனுமதி, அவ்வளவே! அது மறுக்கப்பட்டது. அவர்கள் மிஸ்று மக்களின் பேராளர்கள் அல்லர் எனக் கூறப்படவே, ஊர் ஊராக மக்கள் கையொப்பமிட்டு அவர்களைத் தம் பேராளராக ஆக்கினர். 1919 மார்ச் 8 இல் ஸக்லூலும் இஸ்மாயீல் ஸித்கீ, முஹம்மது மஹ்மூது, ஹமது அல்பாஸில் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டு மால்டாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மறுநாளே காஹிரா கொந்தளித்தது.

நாவலில் அமீனா தாய்வீட்டுக்கு அனுப்பப்படும் நிகழ்ச்சி முன்னே வருகிறது. ஸக்லூல் மால்டாவுக்கு அனுப்பப்படும் செய்தி பின்னே வருகிறது. ஆசிரியர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் முதலாவதைப் படித்துக் கண் கலங்கிய வாசகன் இரண்டாவதை எங்ஙனம் வேறொன்றாகப் படிப்பான்? புறப்பட்டுப் போகக் கேட்டதற்காக நாட்டை விட்டே அனுப்பப்பட்டார் ஒருவர். கேளாமல் புறப்பட்டதற்காக வீட்டை விட்டே அனுப்பப்பட்டாள் மற்றொருத்தி. காவல் காப்பவன் தரும் காரணம் இரண்டிடத்தும் ஒன்றே: ‘எல்லாம் உன் பாதுகாப்புக்காக!’

வாசலில் கூடாரம்

புரட்சி மூண்டபின் ஆங்கிலப் படையினர் அவ்வீட்டின் எதிரிலேயே கூடாரம் அடித்துத் தங்குகின்றனர். அதுவரை செய்தியாக இருந்த அந்நிய ஆட்சி இப்போது வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறது. வீட்டு ஆண்மக்கள் நால்வரும் அதை எதிர்கொள்ளும் விதத்தைக் காட்டும் இப்பகுதியே முந்நூலின் தலைசிறந்த பகுதி எனத் தயங்காது கூறலாம்.

மூத்தவன் யாசீன். அவனிடம் ஒரு சிப்பாய் தீப்பெட்டி கேட்கிறான். பெற்றுக்கொண்டு நன்றி கூறுகிறான். ஓர் ஆங்கிலேயன் தனக்கு நன்றி கூறினான் என்பதில் யாசீனுக்கு உண்டாகும் களிப்புக்கு அளவில்லை. ஆளப்படுபவனின் நெஞ்சு எவ்வளவு மலிவாக விலைபோகிறது என்பதை ஒரு தீக்குச்சியின் வெளிச்சத்தில் காட்டிவிடுகிறார் மஹ்பூஸ். அக்களிப்புக்கு விலையும் உண்டு. சிப்பாய்களோடு அவன் உரையாடக் கண்ட அஸ்ஹர் மாணவன் ஒருவன், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்த இடத்தில் அவனை ஒற்றன் எனக் கூவிக் காட்டிக்கொடுக்கிறான். கூட்டம் அடிக்கப் பாய்கிறது.

இளையவன் கமாலோ சிறுவன். சிப்பாய்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு பாடச் சொல்லி மகிழ்கின்றனர். ஜூலியன் என்னும் சிப்பாயிடம் அவனுக்கு உள்ளன்பே பிறந்துவிடுகிறது. ‘நல்ல மனிதர்கள், ஏன் இவர்களை அண்ணன் வெறுக்கிறார்?’ என்பது அவன் ஐயம். சிப்பாய்களை அரக்கராக வரைந்திருந்தால் ஆசிரியரின் வேலை எளிதாகியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. சிரித்து விளையாடும் இளைஞர்களாகவே அவர்களைக் காட்டுகிறார். தனி மனிதனின் நற்குணம், அவன் ஏந்திநிற்கும் ஆட்சியின் கொடுமையைக் குறைப்பதில்லை. பாட்டுக் கேட்டுக் கைதட்டிய கைகள்தாம் நாளை ஊர்வலத்தின் மீது சுடும் கைகள். சிறுவனுக்கு இது விளங்கவில்லை. விளங்காமலிருப்பதே வாசகனின் நெஞ்சை அறுக்கிறது.

வீட்டில் சிங்கமான தகப்பனாரின் நிலை யாது? நள்ளிரவில் வீடு திரும்பும் ஸையித் அவர்களைச் சிப்பாய்கள் பிடித்துச் செல்கின்றனர். படை வண்டிகள் வராதிருக்க இளைஞர்கள் தெருவில் வெட்டி வைத்த பள்ளத்தை மண் சுமந்து தூர்க்கும்படி ஏவுகின்றனர். பிள்ளைகள் கண்ணில் மலையாக நின்றவர், பட்டாடை அழுக்காக, முதுகு வலிக்க, சாவை அஞ்சியபடி மண் சுமக்கிறார். தம் நாட்டு இளைஞர் வெட்டிய பள்ளத்தைத் தம் கையாலேயே மூடுகிறார். அந்நிய ஆட்சி என்றால் என்னவென்று ஆயிரம் மேடைப் பேச்சுகள் விளக்க முடியாததை இந்த ஒரு காட்சி விளக்குகிறது.

சத்தியத்துக்கு நீளாத கை

நான்காமவன் பஹ்மீ, சட்டக்கல்லூரி மாணவன். துண்டறிக்கைகள் வழங்குகிறான், ஊர்வலங்களில் முன்நிற்கிறான். யாசீனை ஒற்றன் எனக் கூட்டம் சூழ்ந்தபோது காப்பாற்றியவன், பஹ்மீயின் தோழன் ஒருவன். ‘போராட்டத் தோழன் பஹ்மீயின் தமையன் இவர்’ எனச் சான்று கூறியே காத்தான். தமையனைக் காத்த அச்சொல்லே தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்போதுதான் தகப்பனாருக்கு மகனின் மறைவாழ்க்கை தெரிய வருகிறது.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. ஸையித் அவர்கள் நாட்டுப்பற்று இல்லாதவர் அல்லர். ஸக்லூலுக்கு ஆதரவான கையொப்பப் படிவம் கடைக்கு வந்தபோது மனமுவந்து கையொப்பமிட்டவர், பொருளுதவியும் செய்பவர். நாடு விடுதலை பெற வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் தம் மகன்? அவன் அவருடைய உடைமை. புரட்சி பிறர் பிள்ளைகளின் கடமை! திருக்குர்ஆனை எடுத்து வைத்து, இனிப் போராட்டத்தில் ஈடுபடமாட்டேன் எனச் சத்தியம் செய்யுமாறு மகனுக்குக் கட்டளையிடுகிறார். தகப்பனார் முன் நிமிர்ந்து பேசியறியாத மகன் அழுகிறான். ஆனால் அவன் கை நீளவில்லை. பொய்ச் சத்தியம் செய்யவும் அவனால் இயலாது. மெய்ச் சத்தியம் செய்யவும் இயலாது. வீதியில் துப்பாக்கிக்கு முன் நின்றதைக் காட்டிலும் பெரிய வீரத்தை அவன் இந்த அறையில்தான் காட்டுகிறான்.

ஸக்லூல் விடுவிக்கப்பட்ட செய்தி ஏப்ரல் 7 இல் வருகிறது. நகரமே திருவிழாக் கோலம் பூணுகிறது. மறுநாள் வெற்றி ஊர்வலம். ஆங்கில அதிகாரிகளே அதற்கு இசைவு அளித்துவிட்டனர். அன்று காலை பஹ்மீ தகப்பனாரிடம் சென்று கைமுத்தி மன்னிப்பும் பெற்றுவிடுகிறான். ஆக, அவன் தெருவில் இறங்கும்போது இரண்டு அனுமதிகள் அவனிடம் இருக்கின்றன: ஒன்று வீட்டின் அனுமதி, மற்றொன்று ஆட்சியின் அனுமதி. புரட்சி நாட்களில் எல்லாம் தடைமீறிச் சென்று உயிரோடு திரும்பியவன், அனுமதி பெற்ற ஊர்வலத்தில், அஸ்பகிய்யாத் தோட்டத்தருகே சுடப்பட்டு இறக்கிறான்!

மூன்று இளைஞர்கள் கடைக்கு வருகின்றனர். நன்கொடை கேட்க வந்தவர்கள் என்றே ஸையித் நினைக்கிறார். அவர் கொடுத்தாக வேண்டியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்பது வாசகனுக்கு அவருக்கு முன்னரே புரிந்துவிடுகிறது. வீடு நோக்கி நடக்கும் அவர் காதில், நிகழ்ந்தது அறியாத சிறுவன் கமால் பாடும் பாட்டு விழுகிறது. அவ்வளவோடு முதல் நூல் முடிகிறது. ஒப்பாரி இல்லை, முழக்கம் இல்லை. ‘அனுமதிக்கப்பட்ட விடுதலை’ என்பதன் பொருள் யாதென்று ஒரு தகப்பனின் நடையில் எழுதிக் காட்டிவிட்டார் ஆசிரியர்.

பாதி விடுதலை

அடுத்த இரு நூல்களும் முதல் நூலின் வேகம் குன்றியவை என்று குறை கூறுவோர் உளர். வேகம் குன்றியது மெய். ஆனால் குன்றியது நாட்டின் வேகம். வரலாற்றைப் பாருங்கள். 1922 பிப்ரவரி 28 இல் மிஸ்று ‘சுதந்திர நாடு’ என ஆங்கிலேயர் தாமாகவே அறிவித்தனர். ஆனால் பேரரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு, நாட்டின் தற்காப்பு, அந்நியர் மற்றும் சிறுபான்மையினர் நலன், சூடான் ஆகிய நான்கையும் தம் கையில் வைத்துக்கொண்டனர். வாயில் உன்னுடையது, தாழ்க்கோல் என்னிடம் என்பது போன்ற சுதந்திரம்! 1924 இல் ஸக்லூல் பிரதமரானார். அவ்வாண்டு நவம்பரில் சூடானின் ஆங்கில ஆளுநர் லீ ஸ்டாக் காஹிராவில் கொலையுண்டதும், ஆங்கிலேயர் விதித்த இறுதி நிபந்தனைகளின் முன் அவர் பதவி துறந்தார். 1936 உடன்படிக்கை, ஆங்கிலத் தரைப்படையை 10,000 பேர் என்னும் வரம்புக்குட்படுத்திக் கால்வாய்ப் பகுதிக்கு ஒதுக்கியது, அகற்றவில்லை. 1942 பிப்ரவரி 4 இல் ஆங்கிலத் தூதர் லாம்ப்ஸன் டாங்கிகளால் அரண்மனையைச் சூழ்ந்து, வஃப்துக் கட்சித் தலைவர் நஹ்ஹாஸ் பாஷாவைப் பிரதமராக்குமாறு மன்னரைப் பணிய வைத்தார். 1919 இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த கட்சி, ஆங்கில டாங்கியின் துணையால் ஆட்சிக்கு வந்தது. இதனினும் கசப்பான முரண் வேறு யாது?

இன்னும் ஒரு செய்தி உண்டு. மால்டாவுக்கு நாடு கடத்தப்பட்ட நால்வருள் ஒருவரான முஹம்மது மஹ்மூது 1928 இல் பிரதமராகி நாடாளுமன்றத்தை முடக்கினார். மற்றொருவரான இஸ்மாயீல் ஸித்கீ 1930 இல் பிரதமராகி 1923 ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தையே அகற்றினார். ஒரு காலத்தில் அனுமதி கேட்டுத் தண்டனை பெற்றவர்களே, காவல் கோல் கைக்கு வந்ததும் பிறர்க்கு வாயிலை அடைத்தனர்!

இப்பின்னணியில் வைத்துப் படித்தால்தான் இரண்டாம் நூலின் கமால் விளங்குவான். துப்பாக்கி ஏந்திய ஆங்கிலேயன் இப்போது அவன் வாசலில் இல்லை. அவன் மூளையில் ஐரோப்பா குடியேறியிருக்கிறது. பாரிஸில் வாழ்ந்து திரும்பிய செல்வக் குடும்பத்து ஆயிதாவை அவன் தெய்வம்போல் நினைக்கிறான். பிரமிடுகளைக் காணச் சென்ற இடத்தில் அக்குடும்பத்தார் பன்றி இறைச்சியும் பீரும் எடுத்து வைக்க, இவன் திகைத்து நிற்கிறான். அவர்களோ, அது ஒரு பெரிய செய்தியே அன்று என்பதுபோல் சிரிக்கின்றனர். பின்னர் டார்வினின் கொள்கை பற்றி அவன் கட்டுரை எழுதுகிறான், தகப்பனார் துடிக்கிறார். ஈமானுக்கும் புதுக் கல்விக்கும் இடையே அவன் ஊசலாடி, ஐயத்திலேயே நின்றுவிடுகிறான். அவன் அறிவுத்தேடல் பொய்யன்று. ஆனால் அது ஊன்றி நிற்க ஒரு நிலம் அவனுக்குக் கிடைக்கவில்லை. பழைய வீடு அவனுக்கு அச்சத்தைக் கற்பித்தது. புதிய கல்வி ஐயத்தைக் கற்பித்தது. துணிவை இரண்டும் கற்பிக்கவில்லை. 1927 ஆகஸ்டில் ஸக்லூல் மறைந்த செய்தியோடு நூல் முடியும்போது, குடும்பத்திலும் சாவு விழுகிறது.

மூன்றாம் நூலில் தகப்பனார் நோயுற்று முடங்குகிறார். அப்போது மஹ்பூஸ் ஒரு காட்சியை எவ்வித ஆரவாரமுமின்றி வைக்கிறார். அமீனா இப்போது நாள்தோறும் ஸையிதினா ஹுஸைன் பள்ளிவாசலுக்குச் சென்று வருகிறாள், யாரும் தடுப்பதில்லை. அவள் இத்தனை ஆண்டுகள் எட்டிப் பார்த்த அதே மரச் சாளரத்தின் பின்னே அமர்ந்து, வெளியே போனவள் எப்போது வருவாள் எனக் கணவர் காத்திருக்கிறார். ஆனால் அவளுக்கு இந்த விடுதலை யாரும் தந்ததன்று. காவலன் தளர்ந்ததால் வாய்த்தது. அவள் அதற்குள் ஒரு மகனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். காலம் கடந்து கிடைக்கும் விடுதலையின் சுவையை இதைவிட நயமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

இறுதியில் கதீஜாவின் மக்கள் இருவர்: ஒருவன் இக்வான் இயக்கத்தவன், மற்றவன் பொதுவுடைமையாளன். ஒரே இரவில் இருவரும் ஒருங்கே கைதாகின்றனர். கைது செய்ய வந்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர்; மிஸ்றுக் காவலரே. கதவைத் தட்டும் கை மாறிவிட்டது; தட்டும் ஓசை மாறவில்லை.

குறைகள்

நிறையைக் கூறியபின் குறையையும் கூறுவதே நடுநிலை.

முதலாவது, நம் இல்லங்களில் இந்நூலைப் படிக்க முனைவோர் எழுப்பக்கூடிய தடை. மதுவும் பிற ஒழுக்கக்கேடுகளும் இந்நூலில் மிகுதி. குடும்பத்தார் கையில் இதைக் கொடுப்பது எங்ஙனம்? இத்தடையை நான் எள்ளி ஒதுக்கேன். களியாட்டக் காட்சிகளில் ஆசிரியர் தேவைக்கு மேல் தங்கிவிடுகிறார் என்பது மெய்யே. ஆயினும் அவர் அவற்றைப் புகழ்ந்து எழுதவில்லை. இரட்டை வாழ்வு வாழ்ந்த தகப்பனின் கடன் பிள்ளைகள் தலையில் எப்படி விழுகிறது என்பதை யாசீனின் சீரழிவிலும் கமாலின் நம்பிக்கை முறிவிலும் காட்டிவிடுகிறார். முதிர்ந்த வாசகர் இதைப் பிரித்தறிந்து படிக்க வல்லவர்.

இரண்டாவது குறை இதனினும் பெரியது. 1919 புரட்சியின் பளுவைப் பெரிதும் சுமந்தவர்கள் நாட்டுப்புற உழவர்கள். முதல் உலகப்போரின்போது லட்சக்கணக்கான உழவர்கள் ஆங்கிலப் படையின் கூலிப்படைப் பணிக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். தானியமும் கால்நடையும் பறிக்கப்பட்டன. 1906 இல் தின்ஷவாய்க் கிராமத்தில் புறா வேட்டையாடச் சென்ற ஆங்கில அதிகாரிகளோடு ஏற்பட்ட கைகலப்புக்காக நால்வரைத் தூக்கிலிட்டு, பலரைக் கசையால் அடித்ததை அம்மக்கள் மறந்திலர். ஆகவே 1919 இல் இருப்புப்பாதைகளைப் பெயர்த்தவர்களும் தந்திக் கம்பிகளை அறுத்தவர்களும் அவர்களே. வானூர்திகளிலிருந்து சுடப்பட்டவர்களும் அவர்களே. இந்த உழவர் உலகம் மஹ்பூஸின் சாளரத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அவர் கண்டது காஹிராவின் நடுத்தர மக்களை. அவர்களுக்கு நாட்டுப்புறம் தொலைதூரச் செய்தி. இந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ள, அப்துர் ரஹ்மான் அஷ்ஷர்காவி 1954 இல் வெளியிட்ட ‘அல்அர்ளு’ என்னும் நாவலை உடன்வைத்துப் படிக்க வேண்டும். ஸித்கீயின் ஆட்சிக் காலத்தில் பாசன நீருக்கும் நிலத்துக்குமாகப் போராடிய உழவர் கதை அது. இரண்டையும் சேர்த்தால்தான் மிஸ்று முழுமை பெறும்.

பெண்களைப் பற்றியும் இவ்வாறே ஒரு சொல். 1919 மார்ச் 16 இல் காஹிராப் பெண்கள் திரண்டு ஊர்வலம் சென்றனர். விங்கேட்டைச் சந்தித்த மூவருள் ஒருவரான அலீ ஷஃராவியின் துணைவியார் ஹுதா ஷஃராவி அதில் முன்நின்றார். அமீனாவோ அவள் பெண்மக்களோ அவ்வூர்வலத்தில் இல்லை. அவர்கள் அங்கே இருந்திருக்க முடியாது என்பதே ஆசிரியரின் வாதமாக இருக்கலாம். ஆயினும், அச்செய்தி அவ்வீட்டுப் பெண்களின் நெஞ்சுக்குள் என்ன செய்தது என அறிய நாம் ஏங்குகிறோம்.

உவமையின் எல்லை

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை. தகப்பனாரை ஆங்கிலேயருக்கு உவமையாக்கி, ‘இவர் அவரே’ எனக் கணக்குப் போட்டுவிடலாகாது. தகப்பன் அஞ்சியது மகனின் சாவுக்கு; ஆங்கிலேயன் அஞ்சியது தன் கால்வாய்ப் பாதையின் இழப்புக்கு. மகன் இறந்தபின் ஸையித் நெடுநாள் களியாட்டத்தைக் கைவிட்டார். அவர் துயரம் மெய்யானது. அன்பு உள்ள இடத்தில் அதிகாரம் திருந்த வழியுண்டு. அன்பே இல்லாத அதிகாரத்தை வெளியேற்றுவது ஒன்றே வழி. மிஸ்று மக்களும் அதையே செய்தனர். 1954 உடன்படிக்கையின்படி 1956 ஜூனில் கடைசி ஆங்கிலச் சிப்பாய் வெளியேறினான். அடுத்த திங்களே ஸுயஸ் கால்வாய் நாட்டுடைமையாயிற்று. அவ்வாண்டு இறுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இஸ்ரவேலும் தொடுத்த போரும் அதை மாற்ற முடியவில்லை. அந்த ஆண்டில்தான் ‘பைனல் கஸ்ரைன்’ நூலாக வெளிவந்தது. தம் வாசலில் நின்ற கூடாரத்தின் கதையை மிஸ்று வாசகர்கள், கூடாரம் பெயர்க்கப்பட்ட ஆண்டிலேயே கையில் ஏந்தினர்.

உராபியைக் கொழும்புக்குக் கப்பலேற்றியவர்கள், அவர் வினாவையும் அவரோடு அனுப்பிவிட்டதாக எண்ணினர். ‘இந்த வீட்டுக்கு உரியவர் யார்?’ என்பதே அவ்வினா. 1919 இல் பஹ்மீக்களின் குருதி அதற்கு ஒரு விடை எழுதியது. 1956 மற்றொரு விடை எழுதியது. ஆனால் அந்நியன் போனபின் நம் வீட்டு வாசலைக் காப்பவர் யார், படி தாண்ட விழையும் அமீனாக்களுக்கும் பஹ்மீக்களுக்கும் அவர் கூறும் மறுமொழி யாது என்னும் வினாவை மஹ்பூஸ் நம்மிடமே விட்டுச் சென்றிருக்கிறார். நூலை மூடி வைத்தபின், நம் வீட்டு வாசற்படியை நாம் ஒருமுறை நோக்கினால் போதும். இந்நூல் நமக்காகவும் எழுதப்பட்டதே என்பது விளங்கும்.